மைதானத்துக் கேலியும் விடுதி டிவி அறைச் சிரிப்பும்

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கால்பந்து மைதானங்களில் ஒரு நாட்டுக்காரரை அவர் நாட்டைச் சொல்லிக் கேலி செய்யும் பாட்டுகள் வெறும் கலாய்ப்பா, இழிவா? இதைப் பற்றித்தான் பேசச் சொன்னீர்கள். நியாயம் பேசுவதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பாட்டை நானும் பாடியிருக்கிறேன். கூச்சமே இல்லாமல், தொண்டை கிழிய.

2011. இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். விடுதி டிவி அறையில் ஏழெட்டுப் பேர் மான்செஸ்டர் யுனைடெட் வெறியர்கள். அந்த அணியில் தென்கொரியாவின் பார்க் ஜி சங் ஆடிக்கொண்டிருந்தார். 2005-ல் வந்து 2012 வரை இருநூறு ஆட்டங்களுக்கு மேல் ஆடியவர். கோல் அடித்துக் கொடி நாட்டுகிறவர் இல்லை. மற்றவர்கள் கோல் அடிக்க ஓடிக் களைக்கிறவர். ஆனால் அவர் களைக்கவே மாட்டார் என்பதால் 'மூன்று நுரையீரல் பார்க்' என்று பெயர். 2010 மார்ச்சில் ஏசி மிலானை 4-0 என்று வென்ற ஆட்டத்தில் பிர்லோவை நிழல்போல ஒட்டிக்கொண்டு முடக்கினார். தானும் ஒரு கோல் அடித்தார். எங்களுக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம்.

மான்செஸ்டர் ரசிகர்கள் அவருக்கென்று ஒரு பாட்டு கட்டியிருந்தார்கள். யூடியூப் பார்த்து நாங்களும் மனப்பாடம் செய்தோம். அதன் முதல் பாதி, கொரியர்கள் நாய்க்கறி தின்பதைச் சொல்லிச் சிரிக்கும். இரண்டாம் பாதி, அதைவிடக் கேவலமான பிறப்பு ஒன்று இருக்கிறது என்று லிவர்பூல்காரர்களைக் காட்டும். அவர்கள் அரசு வாடகை வீட்டில் எலி தின்கிறவர்களாம். நம்மூரில் குடிசை மாற்று வாரிய வீட்டுக்காரர் என்று சொல்லும்போது குரலில் ஓர் ஏளனம் வருமே, அதே ஏளனம்.

அந்த விடுதியில் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் அம்மா மாட்டுக்கறி உப்புக்கண்டம் வறுத்து டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுவார். அதிலிருந்து நான் 'கண்டம்' ஆனேன். ஒருநாள் பார்க் கோல் அடித்த குஷியில், பாட்டில் பார்க்கின் பெயர் வரும் இடத்தில் 'கண்டம்' என்று போட்டு, நாய் வரும் இடத்தில் மாட்டைப் போட்டு, என் நண்பன் பாடினான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது டப்பா வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

பத்து வருடம் கழித்து, 2021 ஆகஸ்டில், வுல்வ்ஸ் அணி ஹ்வாங் ஹீ சான் என்ற இன்னொரு கொரியரைக் கடன் ஒப்பந்தத்தில் எடுத்தது. யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன்னால் அவரை மைதானத்தில் அறிமுகம் செய்தார்கள். அவரைப் பார்த்ததும் யுனைடெட் ரசிகர்கள் பார்க்கின் பாட்டை எடுத்தார்கள். அவருக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவரும் கொரியர் என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

அந்த அக்டோபரில் பார்க் வாய் திறந்தார். யுனைடெட் கிளப்பின் சொந்த பாட்காஸ்டில்தான் பேசினார். தனக்கென்று ரசிகர்கள் ஒரு பாட்டு கட்டியது முதலில் பெருமையாக இருந்தது என்றார். நாய்க்கறி வரும் இடம் உறுத்தியது. ஆனால் புதிய நாடு, அவர்கள் பண்பாடு தெரியாது, இதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டாராம். இப்போது இளைய வீரர்களும் இதைக் கேட்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது, கொரியர்களுக்கு இது இன இழிவு, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். கிளப்பும் அவர் பக்கம் நின்றது.

உடனே வந்த கேள்வி உங்களுக்குத் தெரிந்த கேள்விதான். 'இத்தனை வருஷம் சும்மா இருந்தாரே?' இன்னொன்று: 'அன்பாகத்தானே பாடினோம்?'

அன்பு பொய் இல்லை தோழர்களே. எங்கள் பிரியமும் பொய் இல்லை. ஆனால் அந்த அன்பு வைத்த நிபந்தனையைப் பாருங்கள். உன் இழிவை நாங்கள் பாடுவோம், நீ சிரிக்க வேண்டும். சிரித்தால் நீ எங்களில் ஒருவன். முகம் சுளித்தால் உனக்கு நகைச்சுவை புரியவில்லை. புதிதாக உள்ளே வந்தவன், எண்ணிக்கையில் ஒற்றையாக நிற்பவன், என்ன செய்வான்? சிரிப்பான். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

இப்போது பாட்டின் இரண்டாம் பாதிக்கு வருவோம். ஒருவரை இழிவுபடுத்திவிட்டு, பரவாயில்லை, உனக்குக் கீழேயும் ஒருவன் இருக்கிறான் என்று ஆறுதல் சொல்கிறது அது. அண்ணல் அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, மேலே போகப் போக மரியாதை, கீழே இறங்க இறங்க இழிவு என்று, அதைத்தான் இரண்டு வரியில் பாடுகிறார்கள். கொரியருக்குக் கீழே லிவர்பூல் ஏழை. ஒவ்வொரு படியிலும் இருப்பவருக்குச் சிரிக்க ஓர் ஆளைக் கொடுத்துவிட்டால், ஏணி ஏன் நிற்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னொரு சங்கதி: லிவர்பூல்காரர்களை 'ஸ்கவுசர்' என்கிறார்களே, அதுவே 'ஸ்கவுஸ்' என்ற, மாலுமிகளும் ஏழைகளும் சாப்பிட்ட ஒரு குழம்பின் பெயரிலிருந்து வந்ததுதான். அந்தப் பெயரை அவர்கள் இன்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள், அது வேறு. பாட்டின் இரண்டு பாதியிலும் அடி விழுவது தட்டின்மேல்தான்.

'எல்லாரும் எல்லாரையும் கலாய்க்கிறோம், ஜெர்மானியரையும்தானே பாடுகிறோம்' என்பார்கள். உண்மைதான். இரண்டாம் உலகப் போரில் பத்து ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்களை ஒவ்வொன்றாகச் சுட்டு வீழ்த்தியதாக எண்ணிப் பாடும் இங்கிலாந்துப் பாட்டு பிரபலம். பாட வேண்டாம் என்று அவர்களின் கால்பந்துச் சங்கமே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அநாகரிகமான தற்பெருமைதான். ஆனால் அந்தப் பாட்டால் லண்டனில் ஒரு ஜெர்மானியருக்கு வாடகை வீடு கிடைக்காமல் போகாது. எல்லாக் கேலியும் ஒரே எடை இல்லை. 2024 யூரோ கோப்பையில், ஹாம்பர்க்கில் நடந்த குரோஷியா - அல்பேனியா ஆட்டத்தில், செர்பியர்களைக் கொல்லச் சொல்லி முழக்கம் எழுந்தது. போரும் படுகொலையும் நடந்து ஒரு தலைமுறைகூடக் கடக்காத மண்ணின் மக்கள் அவர்கள். அதைக் கலாய்ப்பு என்று சொல்ல நாக்கு வருமா?

அளப்பதற்கு என்னிடம் ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. விசில் ஊதி, விளக்கு அணைந்து, கூட்டம் கலைந்த பிறகு அந்தச் சொல் யாரைத் துரத்திக்கொண்டு போகிறது?

இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டுக் கால்பந்துக் குற்றச் சட்டம் இனவெறி முழக்கத்தைக் குற்றமாக்கியது. நிறம், இனம் மட்டுமல்ல, நாட்டுரிமையைச் சொல்லி இழிவுபடுத்துவதும் அதில் அடங்கும். ஓல்டம் நகரத்து அணிக்கு எதிரான ஓர் ஆட்டத்தில் போர்ட் வேல் ரசிகர்கள், உங்கள் ஊர் முழுக்க 'பாக்கி'கள்தான் என்று பாடினார்கள். வழக்கு வந்தது. கீழ் நீதிமன்றம் குற்றமில்லை என்றது. 2003-ல் உயர் நீதிமன்றம் அதைத் திருத்தி, இது இனவெறி முழக்கமே என்றது. பாகிஸ்தானியர் என்பதன் சுருக்கம்தானே என்று கேட்கலாம். ஆனால் பிரிட்டன் தெருக்களில் அந்தச் சொல் பாஸ்போர்ட் பார்த்து வருவதில்லை; வங்கதேசத்தவரோ, பஞ்சாபியோ, ஈழத்தமிழரோ, தோலைப் பார்த்து வருகிறது. ஓல்டமில் இனக் கலவரம் நடந்தது 2001-ல். அந்த ஊரில் அந்தச் சொல் விசிலோடு முடியாது.

ஒரு பெயர் எப்படி வசவு ஆகும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. பறையர் என்ற மக்கள் பெயரை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் எழுதி அகராதியில் வைத்திருக்கிறது.

ஒடுக்கப்பட்டவரின் மொழியிலும் இந்த இழிவு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலையில் கோபா அமெரிக்கா வென்ற அர்ஜென்டினா வீரர்கள் பேருந்தில் ஒரு பாட்டு பாடினார்கள். பிரான்ஸ் வீரர்கள் பேருக்குத்தான் பிரெஞ்சுக்காரர்கள், வேர் ஆப்பிரிக்கா என்பது அதன் கேலி. என்ஸோ ஃபெர்னாண்டஸ் நேரலையில் ஒளிபரப்பினார். செல்சி அணியில் அவரோடு ஆடும் வெஸ்லி ஃபோஃபானா, இது கூச்சமற்ற இனவெறி என்று எழுதினார். என்ஸோ மன்னிப்புக் கேட்டார். ஆனால் மெஸ்ஸியும் மன்னிப்புக் கேட்கலாம் என்று சொன்ன அர்ஜென்டினாவின் விளையாட்டுத் துறைத் துணைச் செயலாளர் பதவி இழந்தார். காலனி வைத்திருந்த நாடு எங்களை மிரட்டுவதா என்று துணை அதிபர் பொங்கினார்.

பிரான்ஸ் காலனி வைத்திருந்தது உண்மை. அதற்காக, பாரிஸில் பிறந்த எம்பாப்பேயின் குடியுரிமையை ஏன் சந்தேகிக்க வேண்டும்? காலனியால் அடிபட்டது அவருடைய முன்னோர்கள் அல்லவா? எத்தனை கோல் அடித்தாலும் நீ வந்தேறி என்பதும், எத்தனை பட்டம் வாங்கினாலும் நீ இன்ன சாதி என்பதும் ஒரே வாக்கியம்தான்.

கடைசியாக ஒரு வாதம், இடதுசாரித் தோழர்களே சொல்வது. மைதானம் உழைக்கும் மக்களின் இடம். டிக்கெட் விலையை ஏற்றி அவர்களை விரட்டியவர்களே இப்போது அவர்கள் வாயையும் கட்டப் பார்க்கிறார்கள் என்பது. பாதி உண்மை. போலீஸை வைத்து மட்டும் இதைத் தீர்க்க முடியும் என்று நானும் நம்பவில்லை. ஆனால் வாடகை வீட்டு ஏழையை எலி தின்னி என்று பாடுவது எந்த உழைக்கும் மக்களின் பண்பாடு? கேலாரியில் பிறந்த பாட்டைக் கேலாரியே நிறுத்த வேண்டும். பக்கத்து இருக்கைக்காரன் பாடாமல் இருந்தாலே போதும், பாட்டு மெலிந்துவிடும்.

போன வருடம் ஒரு கல்யாணத்தில் அந்த விடுதி நண்பனைப் பார்த்தேன். பந்தியில் எல்லார் முன்னாலும் 'டேய் கண்டம்' என்றான். இனி அப்படிக் கூப்பிடாதே என்றேன். "ஏன்டா, இத்தன வருஷம் சிரிச்சிக்கிட்டுதானே இருந்த?" என்றான். பார்க்கிடம் கேட்ட அதே கேள்வி. "சிரிச்சேன். அதுக்கப்புறம் அம்மாகிட்ட டப்பா வாங்குறதையே நிறுத்திட்டேன்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு யுனைடெட் ஆட்டத்தன்று இரவு மெசேஜ் வந்தது. 'மேட்ச் பாக்குறியா' என்று கேட்டிருந்தான். முன்னால் என் பெயரை எழுதியிருந்தான்.