ஏரிக்கரைப் பிள்ளைகள்

(திண்டிவனத்தில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பழங்குடி என்றதும் நம் நினைவுக்கு வருவது மலைதான். நீலகிரியைச் சொல்வோம்; 2019 வரை நம் மாவட்டத்தோடு இருந்த கல்வராயன் மலையைச் சொல்வோம். ஆனால் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழும் இருளர்களும் பழங்குடியினரே. தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு சமூகங்களில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோருடன் இவர்களும் ஒருவர்.

அறுவடை முடிந்த வயலில் இவர்கள் எலி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் துளையிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, பானை வாயை வளையில் பொருத்தி ஊதுவார்கள். எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். பாம்பு பிடிப்பதிலும் இவர்கள் வல்லவர்கள். வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சை எடுத்து மருந்து தயாரிக்க அனுப்புகிறது. பாம்பு தீண்டியவருக்கு நம் அரசு மருத்துவமனையில் போடும் ஊசிக்குப் பின்னால் இவர்கள் உழைப்பு இருக்கிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

என் ஆறாம் வகுப்பில் உணவுச் சங்கிலி நடத்தினேன். நெல், எலி, பாம்பு என்று கரும்பலகையில் எழுதியதும், வாய் திறக்காத ஒரு மாணவன் எழுந்தான். எலி இருக்கும் வளைக்கும் வெறும் வளைக்கும் என்ன வேறுபாடு என்று விளக்கினான். வாயில் புதுமண் கிடந்தால் உள்ளே எலி இருக்கிறது; சிலந்தி வலை பின்னியிருந்தால் இல்லை. உற்றுநோக்கல் என்று பாடநூல் சொல்வது இதைத்தானே? அன்று முதல் வகுப்பில் அவனுக்கு ஓர் இடம் கிடைத்தது.

மாசி மகத்தன்று இவர்கள் குடும்பத்தோடு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுவார்கள். மணலில் படி அமைத்துக் கன்னியம்மனை வழிபடுவார்கள். விடியலில் திருமணமும் நடத்துவார்கள். அந்நாட்களில் பிள்ளை வராவிட்டால், திரும்பி வந்ததும் கண்டதைச் சொல்லச் சொல்லுங்கள், எழுதச் சொல்லுங்கள். அதைவிட நல்ல கட்டுரைப் பயிற்சி வேறு ஏது?

ஆனால் தை பிறந்ததும் வேறொரு பிரிவு தொடங்குகிறது. முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்கும் மரம் வெட்டவும் போய்விடுகின்றன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். கடனுக்கு உழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பெற்றோரோடு போகும் பிள்ளை பள்ளியை விட்டும் போகிறது.

இங்கேதான் நம் வேலை. முதலாவது, போகும் ஊரைக் கேட்டு, அருகிலுள்ள பள்ளித் தலைமை ஆசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. எமிஸில் பொதுத்தொகுப்புக்கு மாற்றியதோடு நம் கடமை முடிந்துவிடாது. அங்கே ஒருவர் பெயரை எடுத்துச் சேர்த்தாரா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது, வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கை மறுக்கக் கூடாது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மூன்றாவது, சாதிச் சான்று. பழங்குடியினருக்கு அதை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர்; கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர். விசாரணைக்கு நாளாகும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும்போது அலையவிடாமல், ஐந்தாம் வகுப்பிலேயே விண்ணப்பிக்க வையுங்கள். கூடப்பிறந்தவருக்கோ தந்தைக்கோ சான்று இருந்தால் அதன் நகலையும் இணையுங்கள்.

எழுத்தறியாத ஒரு தாய் அலுவலகப் படியேறத் தயங்குவாள். நம் கையெழுத்திட்ட ஒரு படிப்புச் சான்று அவளுக்குத் துணிவு தரும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டினால், முன்பணத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்ல அந்த வீட்டில் ஆள் இருக்கும்.

இந்தத் தை மாதத்திற்குள் உங்கள் வருகைப் பதிவேட்டை ஒருமுறை புரட்டுங்கள். போகக்கூடிய பிள்ளைகளின் பெயர்களை இப்போதே குறித்து வையுங்கள்.