கரைவதற்கென்றே ஒரு பொருள்



நம் காலனியில் ஒரு பிள்ளை இரசாயனம் பயின்று தேறினால், அடுத்து நம் வாயில் எழும் வினா, "எந்தக் கம்பெனியில் வேலை?" என்பதே. பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நாம் அவ்வாறு வினவுதல் இயல்பே. எனினும், கைக்கு வந்த வேலைகளை மறுத்த ஒருவரைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

அமெரிக்கரான இராபர்ட் லாங்கர் 1974-இல் எம்.ஐ.டி.யில் இரசாயனப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றார். எண்ணெய் நெருக்கடிக் காலம் அது. எண்ணெய்க் கம்பெனிகளிலிருந்து ஏறக்குறைய 20 அழைப்புகள் வந்தன. அவரோ பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ஜூடா ஃபோக்மன் என்னும் அறுவை மருத்துவரிடம் சேர்ந்தார். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்காமல் தடுத்தால் புற்றுநோய்க் கட்டி வளராது என்பது ஃபோக்மனின் கொள்கை. அதனைச் சோதிக்க, புரதத்தைச் சிறிது சிறிதாகக் கசியவிடும் பாலிமர் வேண்டியிருந்தது. அத்துணைப் பெரிய மூலக்கூறு பிளாஸ்டிக்கினூடே வெளிவராது என்றே அறிஞர் பலரும் கருதினர். வரும் என்று 1976-இல் இருவரும் 'நேச்சர்' இதழில் காட்டினர். பாராட்டுக் குவிந்ததா? இல்லை, லாங்கரின் முதல் 9 ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களும் தள்ளுபடியாயின.

அந்நாளில் உடலுக்குள் வைக்கும் பொருள்கள் பலவும் வீட்டுப் பண்டங்களிலிருந்து இரவல் பெற்றவையே. செயற்கை இதயத்துக்கு உதவியது, மேனாட்டுப் பெண்டிர் இடையை இறுக்க அணியும் உள்ளாடையின் பாலியூரித்தேன்! நகைக்க வேண்டா, வளைந்து மீளும் தன்மை இரண்டுக்கும் தேவைதானே. ஆனால் அதன்மேல் இரத்தம் உறையும். உறைந்த துணுக்கு மூளையை அடைந்தால் பக்கவாதம். ஆதலின் பயன் இன்னதென முதலில் வகுத்து, அதற்கேற்பப் பொருளைப் படைக்க வேண்டும் என்றார் லாங்கர். அவ்வாறு உருவானதே, சோப்புக் கட்டி போல மேற்பரப்பிலிருந்து தேயும் ஒருவகைப் பாலிமர். மூளைக் கட்டியை அகற்றிய குழியில், புற்றுநோய் மருந்து ஏற்றிய இதன் வில்லைகளை 8 வரை வைத்து மூடுவர். மருந்து அவ்விடத்திலேயே சுரக்கும். ஏனைய உறுப்புகளை வாட்டாது. 1996-இல் அமெரிக்க அரசு இதனை ஏற்றது. நோயைத் தீர்ப்பதன்று இது. ஆயுளைச் சில திங்கள் நீட்டுவது. அத்திங்களின் அருமையை அந்தக் குடும்பங்களே அறியும்.

வேலை முடிந்ததும் மறையும் பொருள் வீட்டுக்கும் வேண்டுமல்லவா? நம் தயிருக்குப் புளிப்புத் தருவது லாக்டிக் அமிலம். அதனைக் கொண்டே உடலில் கரையும் தையல் நூலும் செய்கின்றனர். மக்காச்சோளச் சர்க்கரையிலிருந்து அதைப் பெற்றுக் கோப்பைகளும் வார்க்கின்றனர். ஆயினும் அக்கோப்பையைத் தெருவோரம் எறிந்தால் எளிதில் மட்காது. சூடேறிய உரக்கிடங்கு வேண்டும். அக்குறையைப் போக்கும் வேலை ஆய்வுக்கூடங்களில் இன்னும் முடிந்தபாடில்லை.