பேசாத தச்சருக்கு 3615 பாடல்கள்



மார்ச்சு மாதம் புனித சூசையப்பருக்கு உரிய மாதம். வருகிற 19-ஆம் தேதி அவருடைய பெருவிழா. இந்த விழாவுக்காக நற்செய்தியைப் புரட்டும்போதெல்லாம் ஒரு செய்தி நம்மை நிறுத்திவிடுகிறது. நான்கு நற்செய்திகளிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வாக்கியம்கூட எழுதப்படவில்லை. அன்னை மரியா பேசுகிறார். செக்கரியா பேசுகிறார். இடையர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஏரோதுகூடப் பேசுகிறான். சூசையப்பரோ கனவு காண்கிறார், விழித்தெழுகிறார், ஆண்டவர் சொன்னதைச் செய்கிறார். அவ்வளவுதான்.

இப்படி வாய் திறவாத ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து நம் தமிழில் ஒரு காப்பியம் இருக்கிறது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். அதுதான் தேம்பாவணி. பாடியவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்து, இயேசு சபைக் குருவாகி, 1710-இல் கோவாவில் வந்து இறங்கி, அடுத்த ஆண்டே மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்தவர். ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தவர். நம் பிள்ளைகளுக்கு அவரைப் பரமார்த்த குரு கதையாலும், எகர ஒகர எழுத்துத் திருத்தத்தாலும் தெரியும். தேர்வுக்கு அது போதும். அவர் செபிக்கத் தெரிந்த மனிதர் என்பது பாடப்புத்தகத்தில் வராது. அதைப் பற்றித்தான் இன்று சிறிது பேசுவோம்.

பேசாத மனிதரிடமிருந்து இத்தனை பாட்டு எப்படி வந்தது? கற்பனை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் கற்பனை என்றாலே நம்மில் பலருக்கு அது பொய்க்குப் பக்கத்து வீடு. செபம் சொல்லும்போது மனத்தில் ஏதாவது படம் ஓடினால் அதைப் பராக்கு என்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்கிறவர்கள் நிறையப் பேர். சில பராக்கு பராக்குதான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணை மூடி, மனத்தில் ஒரு காட்சியைக் கூட்டி, அதற்குள் போய் நிற்பதையே செபமாகச் செய்தவர்கள் திருச்சபையில் உண்டு.

புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் நூலுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் தந்தார். அதில் ஆண்டவரின் பிறப்பைத் தியானிக்க வேண்டிய இடத்தில் இஞ்ஞாசியார் என்ன கேட்கிறார் தெரியுமா? நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் போகிற பாதையைப் பார் என்கிறார். அது எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்? சமதரையா, மேடும் பள்ளமுமா? குகை பெரியதா சிறியதா, தலை தட்டுமா தட்டாதா? இவ்வளவும் பார்த்தபிறகு, நீயும் ஓர் ஏழைப் பணியாளாக அங்கே நின்று, அவர்களுக்கு என்ன தேவையோ அதைச் செய்துகொடு என்கிறார். பாதையின் அகலத்தைப் பார்ப்பதால் என்ன புண்ணியம் என்று தோன்றும். நிறைமாதக் கர்ப்பிணி நடந்துபோன பாதை அது. அகலத்தைப் பார்க்காதவனுக்கு அந்தத் தாயின் களைப்பு எப்படித் தெரியும்?

இயேசு சபையில் சேர்கிற ஒவ்வொருவரும் இந்தப் பயிற்சியை முப்பது நாள் மௌனத்தில் செய்வது வழக்கம். வீரமாமுனிவரும் அந்தப் பள்ளியில் பழகியவர். அதனால் தேம்பாவணியைப் புலமைக் காப்பியம் என்று மட்டும் சொல்லி அலமாரியில் வைத்துவிட முடியாது. அது ஒருவர் செபத்தில் நின்ற இடம்.

அங்கே அவர் கண்டது எந்த ஊர்? முதல் படலமே நாட்டுப் படலம். பாடுவது யூதேயா நாட்டை. ஆனால் நமக்குத் தெரிவதோ ஆறு பாய்ந்து வயல் விளைகிற தமிழ்நாடு. பாலஸ்தீனத்தின் கல்லும் கரடும் இவருக்குத் தெரியாதா என்று கேட்பவர்கள் உண்டு. மொழிக்கு அகராதி எழுதியவருக்கு அது தெரியாமல் இருக்காது. நம் பதில் வேறு. வாக்கு மனிதரானார் என்று நம்புகிறவன், அவர் வந்து குடியேறிய தெருவைத் தன் தெருவாகத்தான் பார்ப்பான். ஜோசப்பை ‘வளன்’ என்று தமிழில் அழைத்தாரே, அதுவும் இந்தப் பார்வையிலிருந்து வந்ததுதான்.

இதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. தேம்பாவணியின் கதைக்கு வீரமாமுனிவர் எடுத்துக்கொண்ட மூலங்களில் முக்கியமானது, ஸ்பெயின் நாட்டில் ஆகிரேதா என்ற ஊரில் அடைபட்ட மடத்தில் வாழ்ந்த மரியா என்ற கன்னியர் (1602–1665) தேவதாயின் வாழ்வைப் பற்றி எழுதிய நூல். ஆழ்ந்த செபத்தில் தாம் கண்டதாக அவர் எழுதியவற்றை எல்லாம் நாம் நம்பியாக வேண்டும் என்பதில்லை. தனி வெளிப்பாடுகளைப் பற்றித் திருச்சபையின் போதனை தெளிவானது. அந்த நூலைப் பற்றிச் சபைக்குள் பெரிய வாக்குவாதங்களும் நடந்தன. நாம் கவனிப்பது வேறொன்றை. முதல் முறை எழுதியதை ஒரு குருவின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து அவர் தீயில் போட்டுவிட்டார். பல ஆண்டுகள் கழித்து, எழுது என்று மறுபடி சொல்லப்பட்டபோது, முதலிலிருந்து உட்கார்ந்து எழுதினார். அது அச்சானது 1670-இல், அவர் இறந்தபிறகு. தம் கையால் எழுதியது சாம்பலானபோதும் செபத்தை விடவில்லை. எழுதச் சொன்னபோது எழுத்தையும் விடவில்லை. இதை நாம் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம். நம் பங்கின் பாடகர் குழுவில் ஒருவருடைய பாட்டை விழா நாளில் சேர்க்கவில்லை என்றால், அவர் அடுத்த மூன்று மாதம் கோயில் பக்கம் வருவதில்லை.

விடுதலைப் பயண நூல் 31-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஒருவரைத் தம் ஆவியால் நிரப்பியிருப்பதாக ஆண்டவர் மோசேயிடம் சொல்கிறார். யாரை? குருவை அல்ல, படைத்தலைவரை அல்ல. பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், கல் இழைக்கவும், மரம் செதுக்கவும் தெரிந்த பெட்சலேல் என்ற கைவினைஞரை. கைத்திறன் தூய ஆவியின் கொடை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் கூடாரம் கட்டுகிற ஏற்பாட்டைச் சொன்ன கையோடு, அதே அதிகாரத்தில், ஓய்வுநாளைக் கடைப்பிடிக்கும்படி ஆண்டவர் கட்டளை தருகிறார். எனக்காகச் செய்கிற வேலையாக இருந்தாலும் உளியைக் கீழே வை என்பதுதான் அதன் பொருள்.

அடுத்த அதிகாரத்தில் என்ன நடக்கிறது? மலைமேல் மோசே மௌனத்தில் இருக்கிறார். கீழே மக்களுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. அவர்களிடமும் பொன் இருக்கிறது, கருவி இருக்கிறது, ஆரோனுக்குக் கைவேலையும் வருகிறது. கன்றுக்குட்டி பிறந்துவிட்டது. கேட்டபோது, பொன்னை நெருப்பில் போட்டேன், இது வந்தது என்கிறார் ஆரோன்! பெட்சலேலின் கைக்கும் ஆரோனின் கைக்கும் திறமையில் எவ்வளவு வித்தியாசம் என்று நூல் சொல்லவில்லை. காத்திருந்தது ஒன்று, காத்திராதது ஒன்று. பின்னால் 35-ஆம் அதிகாரத்தில் கூடார வேலைக்கு ஆள்களைக் கூட்டும்போதும் மோசே முதலில் பேசுவது ஓய்வுநாளைப் பற்றித்தான்.

மகாராஜபுரம் என்று சொன்னதும் சங்கீதம் கேட்கிற நேயர்கள் விசுவநாதய்யர் ஊரோ என்று நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அது தஞ்சைப் பக்கத்து மகாராஜபுரம். எங்களுடையது மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்புக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குக் கண்மாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிளவக்கல்லில் தண்ணீர் வந்தால்தான் கண்மாய் நிறையும். நிறைந்தால்தான் மடையைத் திறப்பார்கள். வறண்ட கண்மாயில் மடையைத் திறந்தால் வயலுக்குப் போவது புழுதி. அதேபோல், கண்மாய் நிறைந்தும் மடையைத் திறக்காவிட்டால் கீழே பயிர் கருகும், மேலே கரை உடையும். புனித தோமா அக்குவினாரின் போதனையும் இதுதான்: தியானத்தில் பெற்றதைப் பிறருக்குக் கொடுப்பது தியானத்தோடு நின்றுவிடுவதைவிட மேலானது. பெற்றதை என்கிறார், கவனியுங்கள். பெறாததை அல்ல.

இப்போது நம் கோயிலைப் பார்ப்போம். ஞாயிறு மன்றாட்டுகள் கைபேசியிலிருந்து வருகின்றன. பாட்டுக்கு மேளமும் தாளமும் பதிவு செய்யப்பட்டே வந்துவிடுகின்றன. கிறிஸ்மஸ் குடில் போட்டியில் மின்விளக்கும் நீர்வீழ்ச்சியும் சுற்றுகிற காற்றாலையும் இருக்கின்றன. குழந்தை இயேசு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. தவக்காலத்தில் வியாகுல மாதாவுக்காக நம் பாட்டிமார் ஒப்பாரி பாடியது பலருக்கு நினைவிருக்கும். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாட்டு அது. தன் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள், மகனைச் சிலுவையில் பார்த்த தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து பாடியது. இஞ்ஞாசியாரின் நூலை அவள் படித்ததில்லை. அவர் சொன்னதைச் செய்தாள். அந்தப் பாட்டு நின்றுபோனதற்கு அவள் பேரப்பிள்ளைகளுக்குக் குரல் இல்லை என்று காரணம் சொல்ல முடியாது. உட்கார நேரம் இல்லை. துக்க வீட்டில்கூட இப்போது ஒலிபெருக்கி பாடுகிறது, பெற்றவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் துயரத்தைக் கடவுளிடம் கொண்டுபோக அவளுக்கென்று ஒரு வார்த்தை இல்லாமல் போனது நம் எல்லாருக்கும் நேர்ந்த இழப்பு.

திருவில்லிபுத்தூர் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. பூ வளர்த்து மாலை கட்டிக் கொடுத்தவரும், பாடிக் கொடுத்த அவர் மகளும் வாழ்ந்த ஊர். பக்தியும் பாட்டும் ஒரே நாரில் தொடுத்தவை என்பது இந்த மண்ணுக்குப் புதிய செய்தி அல்ல. தேம்பாவணி என்ற பெயருக்கும் வாடாத மாலை என்று பொருள் சொல்வார்கள்.

எங்களுக்குப் பாட வராது, வரைய வராது சாமி என்பீர்கள். தாலாட்டத் தெரிந்தவருக்கும், வாசலில் கோலம் போடத் தெரிந்தவருக்கும், தறியில் உட்காருகிறவருக்கும், தென்னங்கீற்று முடைகிறவருக்கும் வராது என்று சொல்ல உரிமை இல்லை. இந்த வாரம் ஒரு கால் மணி நேரம் உட்காருங்கள். கைபேசி வேறோர் அறையில் இருக்கட்டும். மத்தேயு நற்செய்தி 2-ஆம் அதிகாரத்தில், வானதூதர் எச்சரித்ததும் சூசையப்பர் இரவோடு இரவாகப் புறப்படுகிற பகுதியை மெதுவாக ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். முதலில் ஒன்றும் தோன்றாது. தூக்கம் வரும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினோமா என்ற நினைப்பு வரும். வரட்டும், திரும்ப அந்த வீட்டு வாசலுக்குப் போங்கள். பிறகு மனத்தில் வருவதைக் கையால் ஏதாவது செய்யுங்கள். நான்கு வரி, ஒரு மன்றாட்டு, ஒரு கோலம். செய்ததை ஒரு வாரத்துக்கு யாருக்கும் காட்ட வேண்டாம், எந்தக் குழுவிலும் போட வேண்டாம். பாராட்டு வருவதற்கு முன்னால் அது ஆண்டவருக்கும் உங்களுக்கும் நடுவில் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

இப்போதே சேர்ந்து பார்க்கலாமா? இருட்டு. விளக்கு ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் விழித்துக்கொள்வார். மரியா குழந்தையைத் துணியில் சுற்றுகிறார். சூசையப்பர் ஒரு தச்சர். பெத்லகேமில் இருந்த நாள்களில் கூலிக்காவது உளியைத் தொட்டிருப்பார். இயேசு ஏர்களும் நுகத்தடிகளும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித ஜஸ்டின் எழுதியிருக்கிறார்; தொழில் அப்பாவிடமிருந்து வந்ததுதானே. ஆக, சுவரோரமாக ஒரு நுகத்தடி சாய்த்து வைத்திருக்கிறது. பாதிதான் இழைத்தது. மாட்டின் கழுத்து உராயாதபடி உள்வளைவை இனிமேல்தான் தேய்க்க வேண்டும். யாரோ ஒரு விவசாயி முன்பணம் கொடுத்திருப்பார், உழவுக்கு முன் வேண்டும் என்று சொல்லியிருப்பார். எல்லாக் கருவியையும் கழுதைமேல் ஏற்ற முடியாது. எதை எடுத்துக்கொள்கிறார், எதை விட்டுவிடுகிறார்? திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வளைகுடாவுக்கும் இரவு வண்டி ஏறிய நம் பங்கு மக்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும்.

கதவைச் சாத்துவதற்கு முன் அவர் அந்த நுகத்தடியின்மேல் கையை வைத்து நிற்கிறார். என்ன நினைத்தார் என்று மத்தேயு எழுதவில்லை. 19-ஆம் தேதிக்கு இன்னும் சில நாள்கள் இருக்கின்றன. போய் அவர் பக்கத்தில் நின்று பாருங்கள்.