வைரஸ் வந்து போன பிறகு

உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் முப்பத்தைந்து வயது டிரைவர் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியான ஆள். ஒரு மாதமாகத் தாகம் அடங்கவில்லை. சிறுநீர் கழிக்க வண்டியை அடிக்கடி ஓரங்கட்டுகிறார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டாயிற்று. டீக்கடைப் பெரியவர், "என்னப்பா, சர்க்கரையா? டீயில சீனியைக் குறைச்சிக்கோ" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் இது வேறு சர்க்கரையாக இருக்கலாம்.

டைப் 1 சர்க்கரை நோய் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதில்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடம்பின் காவல்படையே அழிக்கிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. அதைத் தூண்டிவிடுவது வைரஸோ என்ற சந்தேகம் பழசு. பொன்னுக்கு வீங்கிக்குப் பின் சர்க்கரை நோய் வந்ததை நார்வே மருத்துவர் ஒருவர் 1864-லேயே எழுதிவைத்தார். இன்று அதிகம் சந்தேகப்படுவது காக்சாக்கி பி வைரஸை. காக்சாக்கி என்பது அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றங்கரை ஊர்; வைரஸுக்கு அந்த ஊர்ப் பெயர்தான். அந்தக் குடும்பத்து வைரஸை 1948-ல் அறிவித்தார்கள்.

வைரஸ் காய்ச்சல் வந்தவர்களுக்கெல்லாம் டைப் 1 வராது. பரம்பரை வாகும் சேரவேண்டும். பெரியவர்களுக்கு மெதுவாக வருவதால், டைப் 2 என்று மாத்திரை கொடுத்துவிடுவதுண்டு. மாத்திரைக்கும் கேட்காமல் எடை இறங்கினால், காவல்படையின் தாக்குதலைக் காட்டும் ஜி.ஏ.டி. ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாந்தியும், மூச்சில் பழ வாசனையும் வந்துவிட்டால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.