சிறு குடும்பத்தின் பொங்கல் விருந்து

நவம்பர்த் திங்களின் நான்காம் வியாழக்கிழமை, அமெரிக்க நாட்டில் நன்றி நவிலும் திருநாள். அறுவடை முடிந்த மகிழ்ச்சியில் 1621ஆம் ஆண்டு பிளிமத் என்னும் குடியிருப்பில் ஆங்கிலக் குடியேறிகளும் அந்நாட்டுப் பழங்குடியினரும் கூடி உண்ட விருந்தை அதன் மூலம் என்பர். 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதனை நாடு முழுமைக்கும் உரிய நாளாக அறிவித்தார். நான்காம் வியாழன் என்று சட்டம் வரையறுத்தது 1941இல். வான்கோழியை முழுதாகச் சுட்டு மேசை நடுவே வைப்பது அவர்கள் வழக்கம். ஆனால் முழு வான்கோழி என்பது பத்துப் பன்னிருவர் உண்ணத்தக்கது. மக்கள் வேறு வேறு ஊர்களுக்குப் போய்விட, வீட்டில் மூவரும் நால்வருமே எஞ்சியிருக்கும் குடும்பங்கள் அங்கே பெருகிவிட்டன. அவர்களுக்கு ஆண்டுதோறும் எழும் கேள்வி, சிறிய விருந்துக்கு எதைச் சமைப்பது, எதை விடுவது என்பதே.

இதே கேள்வி நம் வீடுகளிலும் தை பிறக்கும் முன் எழுகிறது. கதிரவனுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் நம் திருநாள், கூட்டுக் குடும்பத்தையும் களத்துமேட்டையும் மனத்தில் வைத்து அமைந்தது. நாமோ பிற மாநிலங்களில், வயலும் இல்லாமல், மாடும் இல்லாமல், இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீட்டில் நால்வராக வாழ்கிறோம். "நான்கு பேருக்கு எதற்கம்மா இத்தனை பாடு? கடையில் கொஞ்சம் சர்க்கரைப் பொங்கல் வாங்கிவிட்டால் போயிற்று" என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு விடை சொல்ல வேண்டியது நம் கடமையாகிறது. அந்த விடை சொற்பொழிவாக இல்லாமல், இலையில் பரிமாறத் தக்கதாக இருப்பது நல்லது.

நாம் பேசுவது பெங்களூரின் ஜோகுபாளையத்திலிருந்து. அல்சூர் ஏரிக்குச் சிறிது தொலைவில், ஒரு வீட்டுச் சுவர் மறுவீட்டுக்கும் சுவராக நிற்கும் சந்துகள் நிறைந்த பகுதி இது. 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது, படையோடு தமிழ்நாட்டுச் சிப்பாய்களும் வணிகரும் கட்டட வேலைக்காரரும் வந்தனர். மதராஸ் பொறியியல் படைப்பிரிவின் தலைமையகம் ஏரிக்கரையில் இன்றும் இருக்கிறது. இப்பகுதித் தமிழரிற் பலர் தம் ஊரை வடஆர்க்காடு என்று சொல்வார்களேயன்றி, அவ்வூரில் பொங்கலிட்டவர்கள் அல்லர். அடுத்த வீட்டில் கன்னடத்தார் சங்கராந்தி கொண்டாடுவர். தேவாலயத்துக்குச் செல்லும் தமிழரோ, அறுப்பின் பண்டிகை என்று தனியாக ஒரு நாள் வைத்து, பூசணியும் வாழைத்தாரும் காணிக்கையாகக் கொண்டுவந்து, பிறகு அவற்றையே ஏலம் எடுப்பர். பத்து ரூபாய்ப் பொருளை நூறு ரூபாய்க்கு மனம் மகிழ்ந்து வாங்கும் ஏலம் அது. ஆக, அறுவடைக்கு நன்றி சொல்ல வயல் வேண்டியதில்லை என்பதை எங்கள் தெரு நெடுங்காலமாக அறிந்திருக்கிறது.

இனிச் சமையலுக்கு வருவோம். முதலில் பானை. பாட்டியார் விட்டுச்சென்ற பெரிய வெண்கலப் பானையை எடுத்து, நால்வருக்கான அரிசியை அதில் இட்டால் அது பொங்காது. அடியில் கிடந்து வெந்துவிடும். பொங்காத பொங்கலைப் பார்த்துக் குழந்தைகள் எதைக் கண்டு கூவுவார்கள்? சிறு குடும்பத்துக்குச் சிறு பானையே வேண்டும். அதன் கழுத்துவரை அரிசி களைந்த நீரும் பாலும் நிரப்பி, கொதித்து வழியவிட்டு, "பொங்கலோ பொங்கல்" என்று சொல்லி முடித்த பிறகு, மிகுந்த நீரை முகந்து எடுத்துக்கொண்டு அரிசியை இட வேண்டும். முகந்த நீரைக் கொட்டிவிடக் கூடாது. வெண்பொங்கலுக்கு அதுவே உலைநீர்.

நால்வருக்கு ஒரு டம்ளர் பச்சரிசியும் கால் டம்ளர் பாசிப்பருப்பும் போதும். பருப்பை மணம் வர வறுத்துக்கொள்ளலாம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேல் அமைந்த ஊராகையால், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பால் பொங்கக் குறைவில்லை; பருப்பு வேகத்தான் நேரமாகும். சென்னையிலிருந்து வந்த உறவினர், "இந்த ஊர்ப் பருப்பே சரியில்லை" என்று பழி சொல்வார்கள். பருப்பின் மேல் குற்றமில்லை. அரைமணி நேரம் ஊறவைத்தால் வழிக்கு வரும். புத்தரிசியாயின் நீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பழைய அரிசி மிகுதியாகக் குடிக்கும்.

வெல்லத்தில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். அரிசி குழைய வேகும் முன் வெல்லம் சேர்த்தால், பிறகு எவ்வளவு எரித்தாலும் அரிசி வேகாது; வாயில் நறநறக்கும். பால் கொதிக்கும்போது வெல்லத்தை இட்டால் சிலவேளை பால் திரிந்துவிடும். ஆகவே ஒன்றரை டம்ளர் பொடித்த வெல்லத்தைத் தனியே கரைத்து, வடிகட்டி மண் நீக்கி, வெந்து மசிந்த சோற்றில் கடைசியாகச் சேர்த்துக் கிளற வேண்டும். நெய், முந்திரி, உலர்திராட்சை, ஏலம் ஆகியவை அவரவர் வசதிப்படி. பச்சைக் கற்பூரம் மட்டும் அரிசி மணியளவுக்கு மேல் போனால் விருந்து கோயிற் பிரசாதமாகிவிடும்; சிலருக்கு அதுவே பிடிக்கும் என்பதால் வாதிடவில்லை.

சர்க்கரைப் பொங்கலோடு விருந்து முடிந்தது என்று நினைப்பதை மட்டும் நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. அறுவடை என்பது நெல் மட்டுமா? தோட்டத்தில் விளைந்ததெல்லாம் ஒரே பானையில் கூடும் பல காய்க் குழம்பே இவ்விருந்தின் உயிர். பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, வாழைக்காய், கத்தரிக்காய், அவரைக்காய், மொச்சை, சேனை என்று ஏழோ ஒன்பதோ, ஒற்றைப்படையில் சேர்ப்பது வழக்கம். திருநெல்வேலியார் சிறுகிழங்கு இல்லாவிட்டால் அதைப் பொங்கல் என்றே மதிக்க மாட்டார்கள். சிறு குடும்பத்துக்கு இக்குழம்பே பெருந்தொல்லை. ஏழு காயையும் வாங்கினால் ஒரு வாரம் அதையே உண்ண வேண்டும். எங்கள் சந்தில் இதற்கு ஒரு வழி உண்டு. ஒரு வீடு பரங்கிக்காய் வாங்கும். ஒரு வீடு சேனை. ஒரு வீடு வாழைக்காய். போகியன்று மாலை அவற்றை அறுத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். நான்கு வீட்டுக்கும் ஏழு காயும் கிடைத்துவிடும். ஒரு கீற்றும் வீணாகாது. விளைச்சலைப் பகிர்வது என்று ஏட்டில் எழுதியிருப்பதை, அரிவாள்மணையின் முன் உட்கார்ந்து செய்கிறவர்கள் எங்கள் தெருப் பெண்கள்.

காய்களை இடுவதில் முறை இருக்கிறது. உலர்ந்த மொச்சை இரவே ஊறித் தனியே வேக வேண்டும். சேனையும் வாழைக்காயும் முதலில். பரங்கியும் சர்க்கரைவள்ளியும் இறுதியில், இல்லையேல் கரைந்து காணாமற் போய்விடும். எல்லாம் மெத்தென்று வெந்த பிறகே புளிநீர் விட வேண்டும். புளி முந்திக்கொண்டால் காயும் பயறும் விறைத்துக்கொள்ளும். துவரம்பருப்பும், கொத்தமல்லி விதை, மிளகாய், தேங்காய் வறுத்தரைத்த விழுதும் சேர்ந்து கொதித்தால் குழம்பு ஆயிற்று. இதற்கு இணை மிளகு நெய் தாளித்த காலைப் பலகாரப் பொங்கல் அன்று. பால் விட்டு வெந்த வெறும் வெண்பொங்கலே.

இக்குழம்பில் ஒரு வேடிக்கை உண்டு. இதிலுள்ள பரங்கியும் சர்க்கரைவள்ளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களில் தோன்றி, கொலம்பசுக்குப் பின் கடல் கடந்து நம்மிடம் வந்தவை. பரங்கிக்காயின் பெயரிலேயே பரங்கியர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்கர் தம் நன்றித் திருநாளில் பரங்கிக்காயை இனிப்பிட்ட அடையாகச் சுடுகிறார்கள். சர்க்கரைவள்ளியைப் பிசைந்து பரிமாறுகிறார்கள். நாமோ இரண்டையும் புளியில் இட்டு, தொன்றுதொட்டு வந்த முறை என்கிறோம். குடிபெயர்ந்து வந்தவை கறிகாய்களானாலும், சில தலைமுறையில் அவ்வூர்ப் பெயர் பெற்று, அவை இல்லாமல் விழாவே இல்லை என்னும் நிலைக்கு வந்துவிடுகின்றன. பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது சற்று ஆறுதலான செய்திதான்.

பெங்களூர்ப் பொங்கலுக்கென்று தனிச்சிறப்பாக ஒன்றைச் சொல்வதாயின் அது அவரை. மார்கழிப் பனியில் இவ்வூர்ச் சந்தைகளில் அவரைக்காய் குவியும். கன்னடத்தார் அதன் மணத்துக்கே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: சொகடு. காயை உரித்த விரலில் அவ்வெண்ணெய்ப் பசை நெடுநேரம் நிற்கும். கொட்டையை ஊறவைத்து, தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பை அவர்கள் ஹிதகித பேளே என்பர். வடஆர்க்காட்டில் நம்மவர் பிதுக்கம்பருப்பு என்பர். இரு மொழியும் ஒரே விரலசைவுக்குப் பெயரிட்டிருக்கின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அகராதியைப் புரட்டாமல் கிடைத்த இணைச்சொற்களில் இதைவிடச் சுவையானது இல்லை. காய்ந்த மொச்சைக்குப் பதில் இப்பிதுக்கம்பருப்பைக் குழம்பில் சேர்ப்பது எங்கள் வழக்கம். பிதுக்குவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் நால்வருக்கு ஒரு கிண்ணமே போதுமாகையால், சிறு குடும்பத்துக்கு இதில் ஒரு வசதியும் உண்டு.

1992ஆம் ஆண்டுப் பொங்கல் எங்கள் நினைவைவிட்டு அகலாதது. அதற்கு முந்திய டிசம்பரில், காவிரி நீர்ப் பங்கீட்டுச் சச்சரவையொட்டி இந்நகரில் தமிழருக்கு எதிராக வன்முறை நிகழ்ந்திருந்தது. வாசலில் அடுப்புக் கூட்டிப் பானை வைத்தால் இது தமிழர் வீடு என்று பறைசாற்றுவதாகும் என்று பெரியவர்கள் அஞ்சினர். எங்கள் தாயார் அவ்வாண்டு உள்ளேயே, கதவைச் சாத்திக்கொண்டு, சின்னஞ்சிறு பானையில் பொங்கலிட்டார். பால் பொங்கியபோது நாங்கள் கூவவில்லை. கூவக் கூடாதென்று சொல்லியிருந்தார்கள். மாலையில் அடுத்த வீட்டுக் கன்னட அம்மையார் வழக்கம்போல் எள்ளும் வெல்லமும் கலந்த தட்டோடு வந்தார். எங்கள் தாயார் தட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார். "எங்கே உங்கள் ஹுக்கி? இந்த ஆண்டு எங்களுக்கு இல்லையா?" என்று அவர் கேட்டார். ஹுக்கி என்பது பொங்கலுக்குக் கன்னடப் பெயர். பானையில் இருந்தது எங்கள் நால்வருக்கு மட்டும் அளந்து வைத்தது. அதில் பாதி அவர் வீட்டுக்குப் போயிற்று. அன்றுமுதல், எத்தனை சிறிய விருந்தானாலும் எங்கள் வீட்டில் அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி கூடவே விழும்.

அதே 1991இல் அல்சூர் ஏரியருகே நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே இருந்தது. 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. செய்ந்நன்றியறிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தவர் அவர். பொங்கலன்று மாலை அப்பக்கம் நடந்து வருவோர் இப்போது உண்டு.

தட்டுக்கு மீண்டும் வருவோம். எள், வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை, பொட்டுக்கடலை ஆகிய ஐந்தையும் சிறு துண்டுகளாக்கிக் கலந்து, கரும்புத் துண்டும் சர்க்கரை அச்சும் வைத்துக் கன்னடத்தார் வீடுதோறும் வழங்குவர். எள்ளும் வெல்லமும் தின்று நல்ல மொழி பேசு என்பது அவர்களுடைய வழக்கு. வந்த தட்டு வெறுந்தட்டாய்த் திரும்பக் கூடாதென்பது நம் வழக்கு. ஆகவே சிறு விருந்தின் பட்டியலில், திருப்பி அனுப்பத் தக்க ஒரு பண்டத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைப் பொங்கல் ஆறினால் இறுகும். உளுந்து வடை நமத்துப்போகும். கடலைப்பருப்பைக் கொரகொரப்பாக அரைத்துச் சுட்ட மசால்வடை மாலைவரை தாங்கும். ஒரு டம்ளர் பருப்பில் பதினைந்து வடைக்குக் குறையாது. எட்டு வீட்டுக்கு, எட்டு அயலாருக்கு.

வேறு நகரங்களில் உள்ளோர் தத்தம் ஊர் விளைச்சலுக்கேற்ப இதனை மாற்றிக்கொள்ளலாம். தில்லியில் தைப் பிறப்பன்று மூடுபனியில் கதிரவனே முகம் காட்டமாட்டான். ஆயினும் அக்குளிரில் வரும் பச்சைப் பட்டாணி குழம்பில் மொச்சையின் இடத்தை நன்றாகவே நிரப்பும். மும்பைத் தாராவியில் நம் பெண்கள் தெருவில் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிறார்கள். அங்கே பக்கத்து வீட்டு மராத்தியர் தருவது எள்ளுருண்டை. கரும்பு கிடைக்காத ஊர் அரிது. மஞ்சட்கொத்து கிடைக்காவிட்டால், ஒரு மஞ்சட் கிழங்கை நூலில் கோத்துப் பானையின் கழுத்தில் கட்டினால் போதும்.

மறுநாட் காலை, எஞ்சிய சோற்றில் மஞ்சளும் குங்குமமும் கலந்து சிறு உருண்டைகளாக்கி, உடன்பிறந்தார் நலமாயிருக்க வேண்டுமென்று வேண்டி, மஞ்சள் இலையில் காகத்துக்குக் கனுப்பிடி வைப்பது பெண்களின் வழக்கம். இதற்கென்று ஒரு கரண்டிச் சோற்றை முதல் நாளே எடுத்து மூடிவைக்க மறக்கக் கூடாது. சிறிய விருந்தில் மிச்சம் தானாக வராது. எங்கள் மாடி முகப்பில் இப்போதெல்லாம் காகம் வருவது குறைந்து, புறாக்களே வருகின்றன. மஞ்சட்சோற்றை அவை முதலில் உண்கின்றன.