காலியான கார்ட்ரிட்ஜ் யார் கைக்குப் போகிறது?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சி நமக்கெல்லாம் மனப்பாடம். நான்கு நற்செய்தியாளர்களும் அதை எழுதியிருக்கிறார்கள். யோவான் மட்டும் ஒரு செய்தியைக் கூடுதலாகத் தருகிறார். எல்லாரும் வயிறார உண்டபின், மீதியான துண்டுகளை வீணாகாமல் சேர்க்கும்படி இயேசுவே சீடர்களிடம் சொல்கிறார். அப்பத்தைப் பெருகச் செய்தவருக்குப் புல்தரையில் கிடந்த துண்டுகள் எதற்கு? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று ஒரு சிறிய பொருளைப் பார்ப்போம். பிரிண்டரில் போடுகிற மை கார்ட்ரிட்ஜ்.

மறையுரையில் பிரிண்டருக்கு என்ன வேலை என்று நினைக்கலாம். நம் பங்கு அலுவலகங்களை எண்ணிப் பாருங்கள். பங்கு மடல், திருமண ஓலை, முதல் நற்கருணைப் பட்டியல், சிலுவைப்பாதைத் தாள்கள், கொடியேற்ற அழைப்பு என்று வாரம் முழுவதும் அச்சடிக்கிறோம். வீட்டில் பிள்ளைகளின் பள்ளிப் புராஜெக்ட் வேறு. மை தீர்ந்ததும் கார்ட்ரிட்ஜ் குப்பைக்கூடைக்குப் போகிறது. மலிவான சில பிரிண்டர்களுக்குப் புது கார்ட்ரிட்ஜ் வாங்கும் செலவு பிரிண்டர் விலையை நெருங்குகிறது. அதனால் பிரிண்டரையே தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. அப்படி விலை வைத்து விற்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது.

அந்தச் சிறு பெட்டியில் பிளாஸ்டிக், மையைப் பிடித்து வைக்கும் ஸ்பாஞ்சு, மின் இணைப்புக்கான செம்பு, சிலவற்றில் மெல்லிய தங்கப் பூச்சுகூட உண்டு. மண்ணில் போட்டால் அது மண்ணாகாது. லேசர் பிரிண்டரின் டோனர் கார்ட்ரிட்ஜில் இருப்பது திரவ மை அல்ல. மாவைவிட நுண்ணிய பொடி. பிளாஸ்டிக்கும் கார்பன் கரியும் சேர்ந்தது. கார்பன் கரி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பெட்டிக்குள் அடைந்திருக்கும்போது அந்தப் பொடி நம்மை அவ்வளவாகத் தொடுவதில்லை. பெட்டியை உடைக்கிறவர்தான் அதைச் சுவாசிக்கிறார்.

2002-ஆம் ஆண்டு இரண்டு சுற்றுச்சூழல் அமைப்புகள், சீனாவின் குவாங்தோங் மாநிலத்திலுள்ள குய்யு என்ற ஊரைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. செல்வ நாடுகள் கழித்துப்போட்ட கணினிகளும் பிரிண்டர்களும் கப்பலேறி வந்து அந்த ஊரில் குவிந்தன. வேலையாட்கள் டோனர் கார்ட்ரிட்ஜ்களை ஸ்க்ரூடிரைவரால் பிளந்து, மிஞ்சிய பொடியை பெயிண்ட் பிரஷாலும் வெறுங்கையாலும் வாளியில் வழித்தார்கள். மூக்கை மூட எதுவும் இல்லை. பொடி புகைபோல எழுந்து அவர்களைச் சூழ்ந்தது. கையும் உடையும் கறுத்துப்போயின. அங்கேயும் மீதியைச் சேர்த்தார்கள் பாருங்கள். விருந்து உண்டவர்கள் வேறு ஆட்கள்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில், தூக்கியெறியும் கலாச்சாரம் பொருள்களைக் குப்பையாக்குவதோடு ஒதுக்கப்பட்ட மனிதரையும் பாதிக்கிறது என்கிறார். அங்கே அவர் காட்டும் எடுத்துக்காட்டு, மறுசுழற்சிக்குப் போகாமல் எறியப்படும் காகிதம். காகிதத்தைச் சொன்னால் அதன்மேல் உள்ள மையையும் சேர்த்துச் சொன்னதாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் கார்ட்ரிட்ஜைக் குப்பையில் போடுவது பாவமா, ஒப்புரவு அருளடையாளத்தில் சொல்ல வேண்டுமா என்று கேட்பீர்கள். நான் உங்களைத் திருப்பிக் கேட்கிறேன்: நாளைக் காலை நம் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் கையுறை போட்டிருக்கிறாரா? பார்த்ததுண்டா?

முதலில் அச்சடிப்பதைக் குறைக்கலாம். பாட்டுப் புத்தகம் கையில் இருக்கும்போது அதே பாடலுக்குத் தனித் தாள் எதற்கு? மை நிரப்பித் தரும் கடைகள் நம் ஊர்களில் இருக்கின்றன. நிரப்பக்கூடியதை நிரப்பிப் பயன்படுத்துங்கள். இனி நிரப்ப முடியாது என்றானதைத் தயாரித்தவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பு நிறுவனங்கள்மீது வைக்கின்றன. கேனன் நிறுவனம் 1990-இலும் எச்.பி. நிறுவனம் 1991-இலும் பழைய கார்ட்ரிட்ஜ்களைத் திரும்பப் பெறும் திட்டத்தைத் தொடங்கின. வாங்கும் கடையிலேயே, “பழையதை எங்கே கொடுப்பது?” என்று தயங்காமல் கேளுங்கள்.

ஒவ்வொரு பங்கு அலுவலக வாசலிலும் இதற்கென ஓர் அட்டைப்பெட்டி வைக்கலாம். நிறைந்ததும் இளைஞர் இயக்கத்தினர் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். டோனர் கார்ட்ரிட்ஜை யாரும் உடைக்கவோ எரிக்கவோ வேண்டாம். புதியது வந்த உறையிலேயே பழையதை வைத்து மூடிப் பெட்டியில் போடுங்கள். பொடி சிந்திவிட்டால் பெருக்காமல், குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். வெந்நீர் பட்டால் பொடி இளகி ஒட்டிக்கொள்ளும். துடைத்து முடிக்கும்வரை பிள்ளைகள் அந்த அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.