மணியும் கருப்பும்



இன்றைய பேச்சு நாயைப் பற்றியது. நாயைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிரிக்க வேண்டாம். நாய்ச் சண்டையால் பேச்சு நின்றுபோன பக்கத்து வீடுகள் எத்தனையோ உண்டு.

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர். சுரங்க வேலைக்குப் போன தமிழர்கள் அங்கே நிறையப் பேர். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இப்போது பலர் விடியற்காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவுதான் வீடு திரும்புகிறார்கள். தொழிலாளர் வீட்டு வரிசையை அங்கே 'லைன்' என்பார்கள். ஒரு சுவரைத் தாண்டினால் அடுத்த வீடு. வாசலில் கால் வைத்தால் நாலு நாய் எதிரே நிற்கும்.

அப்படி ஒரு லைனில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மணி என்று பெயர் வைத்தார்கள். வெளியே விட்டால் நோய் வரும் என்று பயம். பகலில் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. ஆறு மாதம் வரை மணி சங்கிலியிலேயே வளர்ந்தது.

ஒருநாள் சங்கிலி அறுந்தது. எதிர்வீட்டுக் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்தது. மணி பாய்ந்து அதன் காதைக் கடித்தது. வீட்டுப் பையன் ஓடிப்போய் மணியின் கழுத்துப் பட்டையைப் பிடித்தான். அவன் கையிலும் பல் பட்டது.

பக்கத்து வீட்டு ஆயா விவரம் தெரிந்தவர். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்க விடவில்லை. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவ வைத்தார். உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அன்றே வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது. வெறிநோய் முற்றி வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. அதற்கு முன்பே ஊசி போட வேண்டும். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும்.

இரவு அப்பா வந்தார். கோபம் பொங்கியது.

"இந்த நாய் வேண்டாம். காலையில் ரயிலில் ஏற்றி எங்காவது விட்டுவிடுகிறேன்."

"அவசரப்படாதே தம்பி," என்றார் ஆயா. "கடித்த நாயைப் பத்து நாள் கண்ணில் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். விட்டுவிட்டால் யாரைப் போய்ப் பார்ப்பாய்?"

அந்தப் பத்து நாள்தான் மணியைக் காப்பாற்றியது. அதற்கு நோய் எதுவும் இல்லை. பிறகு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் ஊசி போட்டார்கள்.

"மணி கெட்ட நாய் இல்லை," என்றார் மருத்துவர். "அதற்கு நாய்ப் பாஷை தெரியாது, அவ்வளவுதான்."

நாய்க்குப் பழகும் வயது மூன்றாவது வாரத்தில் தொடங்குகிறது. ஏறக்குறைய மூன்று மாதத்தோடு முடிந்துவிடுகிறது. தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று தெரிகிறது. அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விலகிப் போகும். அதுதான் பாடம். அதனால் எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது.

நோய்ப் பயமும் நியாயமானதுதான். பார்வோ நோய் வந்தால் வாந்தி, ரத்த பேதியில் குட்டி செத்துப்போகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி போட வேண்டும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. அதுவரை குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டலாம். ஊசி போட்ட, சாதுவான வீட்டு நாயோடு பழக விடலாம். வீட்டில் பூட்டி வைப்பது ஒன்றுதான் வழி என்று நினைத்தது அந்தக் குடும்பத்தின் தவறு.

மணிக்கு வயது தாண்டிவிட்டது. ஆனாலும் மெதுவாகப் பழக்கலாம் என்றார் மருத்துவர்.

ஆயா வீட்டில் கருப்பு என்று ஒரு கிழட்டு நாய். காது நுனியில் சிறிய வெட்டு இருக்கும். கருத்தடை செய்து, ஊசி போட்ட நாய் என்பதற்கு அது அடையாளம். முதல் வாரம் ஆயா கருப்பை ஒரு ஓரமாக நடத்தினார். பையனின் அம்மா மணியை எதிர் ஓரமாக நடத்தினார். நடுவில் தெரு அகலம். கயிற்றை இறுக்கிப் பிடிக்கவில்லை. கயிறு இறுகினால் நாய்க்கும் பயம் ஏறும். இரண்டும் பார்த்துக்கொண்டன, நடந்தன. அவ்வளவுதான். நாளுக்கு நாள் இடைவெளி குறைந்தது. பிறகு ஒரு நொடி, இரண்டு நொடி மோந்து பார்க்க விட்டார்கள். உடனே கூப்பிட்டுவிட்டார்கள். நேருக்கு நேர் மூக்கோடு மூக்கு நிறுத்தவில்லை.

விளையாட்டா சண்டையா என்று எப்படித் தெரியும்? வாலை ஆட்டினால் நட்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது எப்போதும் சரியில்லை. உடம்பு விறைத்து, வால் மேலே குத்திட்டு, முறைத்துப் பார்த்தால் அது எச்சரிக்கை. விளையாட வரும் நாய் முன்னங்கால்களைத் தரையில் வைத்துக் குனியும். பின்புறம் மேலே நிற்கும். உடம்பு துவண்டு இருக்கும். ஒருமுறை இது துரத்தும், மறுமுறை அது துரத்தும். நடுவில் நின்று மூச்சு வாங்கும். ஒரே நாய் எப்போதும் கீழே கிடந்தாலோ, காலுக்கிடையே வாலைச் செருகி ஒளிந்தாலோ விளையாட்டை நிறுத்திவிட வேண்டும்.

சோறு, எலும்பு இருக்கும் இடத்தில் இரண்டு நாய்களை விடக் கூடாது. குட்டி ஈன்ற நாயிடம் வேறு நாயைக் கொண்டுபோகக் கூடாது. சண்டை வந்துவிட்டால் கையை நடுவில் நீட்டவே கூடாது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றலாம். தாம்பாளத்தைத் தட்டிச் சத்தம் எழுப்பலாம். நடுவில் ஒரு பலகையைச் செருகலாம். பையன் கையில் இருக்கும் தழும்பு இதை நன்றாகச் சொல்லும்.

இரண்டு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். மணி கருப்பின் எதிரே முன்னங்கால்களை மடக்கிக் குனிந்தது. கிழட்டுக் கருப்பு கொஞ்சம் யோசித்தது. பிறகு அதுவும் குனிந்தது.

"அடே, இங்கே வந்து பாருங்கள்!" என்று அப்பா வீட்டுக்குள் பார்த்துக் கத்தினார்.

எதிர்வீட்டுக் குட்டியோடு மட்டும் மணிக்கு இன்னும் ஒத்துவரவில்லை. அதைக் கண்டால் அம்மா மணியைத் தெருவின் அடுத்த ஓரமாக அழைத்துப் போகிறார். எதிர்வீட்டு அக்காவும் தன் குட்டியைப் பிடித்துக்கொள்கிறார். இருவரும் தெருவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று பேசிக்கொள்கிறார்கள்.